அண்ணி மாற்றிய பத்தி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. நாலு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி போகிறபோக்கில் சொன்னது.

"தம்பி, நேத்து வந்த ஆடியோவில என் பேரே இருந்துச்சு. என் ரிப்போர்ட்டை நானே டைப் பண்ணினேன்."

வீடே சிரித்தது. அண்ணனைவிட நான்தான் அதிகமாகச் சிரித்தேன். "அண்ணி, இது நல்ல கதை. எனக்கே எனக்கு" என்று அங்கேயே துண்டு போட்டு வைத்தேன்.

அண்ணி வீட்டிலிருந்தபடியே ஒரு மருத்துவமனைக்குத் தட்டச்சு செய்கிறார். நோயாளியைப் பார்த்து முடித்ததும் டாக்டர்கள் விவரத்தைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அண்ணியின் காதில் ஹெட்ஃபோன், காலடியில் ஒரு பெடல். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். பதினொரு வருடமாக இதுதான். "கேட்டதைத்தான் அடிப்பேன். ஒரு சொல் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்" என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

நானோ இருபது வருடம் கூன் போட்டு உட்கார்ந்து எழுதியதில் வலது தோள் பூட்டிக்கொண்டது. மூன்று மாதத்துக்கு விசைப்பலகையைத் தொடக்கூடாது என்று பிசியோதெரபி அம்மாள் திட்டி அனுப்பினார். அதனால் நான் ஃபோனில் பேசுகிறேன். அண்ணி தன் வேலை முடிந்ததும் என் பேச்சையும் அடித்துக் கொடுக்கிறார். ஒரு நாவலில் பாதி ஆகிவிட்டது. ஆகவே இங்கே அரைகுறை வாக்கியங்கள் தென்பட்டால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

2

மேசை வேலை செய்பவர்கள் மணிக்கு ஒருமுறை எழுந்து, தோள்களைப் பின்னுக்குத் தள்ளி, ஐந்து எண்ணும்வரை – (இல்ல அண்ணி, கட்டுரை வாடை அடிக்குது. எடுத்துடுங்க.)

[எடுக்கவில்லை. கேட்டதைத்தான் அடிப்பேன். – அண்ணி]

சரி, இருக்கட்டும். உடல்வலியைப் போக்கும் வழிகளைப் பற்றி அலுவலக ஊழியர்களின் பத்திரிகை ஒன்று என்னிடம் கட்டுரை கேட்டது. தோள் பூட்டிக்கொண்டவனிடம் போய்க் கேட்டார்கள்! அதையும் அண்ணி சொன்னதையும் சேர்த்துத்தான் கதையாக்கப் பார்க்கிறேன்.

தட்டச்சுக்காரிக்கு வயது நாற்பத்திரண்டு – (வேணாம், அது உங்க வயசு. முப்பத்தஞ்சு போடுங்க.)

தட்டச்சுக்காரிக்கு வயது முப்பத்தைந்து. ஜாடி மூடியைக்கூடத் திறக்கத் தெரியாது. கணவனிடம் நீட்டுவாள், அவன் ஊரில் இல்லையென்றால் கொழுந்தனிடம். (இந்த இடத்துல வாசகர் சிரிக்கணும்.)

3

அன்று மதியம் தட்டச்சுக்காரிக்கு வந்தது பிஸ்கட் டாக்டரின் பதிவு. வாயில் பிஸ்கட்டோடுதான் அவர் பேசுவார் என்பதால் அவள் வைத்த பெயர் அது. பெடலை மிதித்தாள். நோயாளியின் பெயர் வந்தது. அவள் பெயர். கால் தானாகவே பெடலை விட்டது. ஒரே பெயரில் ஊரில் எத்தனை பேர் இல்லை? மறுபடி மிதித்தாள். வயது சரி. தொழில், தட்டச்சு. போன வாரம் கையைக் காட்டிவிட்டு வந்தவள் அவள்தான். அதன் பிறகு ஒரு சொல் விடாமல் அடித்தாள்:

வலது கைக் கட்டைவிரலின் அடித்தசை பெருமளவு சுருங்கிவிட்டது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது. மூன்று விரல்களில் உணர்ச்சி மிகக் குறைவு. தட்டச்சு வேலையை உடனே நிறுத்த வேண்டும். அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் பிடிமானம் திரும்பாமல் போகலாம். யோசித்துச் சொல்வதாக நோயாளி கூறினார்.

4

அடித்துக் கொடுத்த தாளில் இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே உள்ள அறிக்கை நான் சொன்னதல்ல.

ஃபோனை எடுத்து என் பதிவைப் போட்டுக் கேட்டேன். என் குரல் உற்சாகமாகச் சொல்கிறது: "லேசான வீக்கம். ஒரு வாரம் ஓய்வு. மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும்." அவ்வளவுதான். வேடிக்கையாக முடிய வேண்டிய கதை இது. இரண்டு முறை கேட்டேன், மூன்றாவது முறையும் கேட்டேன். பதினொரு வருடத்தில் முதல்முறையாக அண்ணி கேட்டதை அடிக்கவில்லை.

தாளோடு போய் அவர் அறை வாசலில் நின்றேன். ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"அண்ணி, இந்த ரிப்போர்ட்டு..."

"அதுதான் தம்பி நிஜ ரிப்போர்ட்டு."

"நாலு மாசமா ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. சிரிச்சீங்க. உங்க அண்ணனும் சிரிச்சார். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கலை."

ஜாடி மூடி நினைவுக்கு வந்தது. அண்ணன் வெளியூர் போன நாட்களில் அதைத் திறந்து கொடுத்தவன் நான். அதை நகைச்சுவையாக்கி, அந்தக் கையாலேயே அடிக்க வைத்தவனும் நான். பாதி நாவல்! என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"என் வேலையையாவது வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"ஏன்னு கேப்பீங்க. சொல்லணும். சொன்னா எல்லாரும் சேர்ந்து என்னை உக்கார வச்சிடுவீங்க." கட்டைவிரலை இடது கையால் மூடிக்கொண்டார். "நல்லா செய்யறேன்னு எனக்கே தெரியற ஒரே வேலை இது தம்பி. இதை விட்டா நான் என்ன செய்வேன்?"

"அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?" என்றேன்.

"நீங்க சொன்னா அது கதையாயிடும். நானே சொல்றேன். ஞாயித்துக்கிழமை."

5

நான்காம் பகுதி முதல் நானே இடது கை ஆள்காட்டி விரலால் அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் தட்டச்சுக்காரி உடற்பயிற்சி செய்து குணமாகிறாள். இன்னொன்றில் டாக்டர் ஆள் மாறிச் சொல்லிவிட்டார். இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்றாவது முடிவு, அறுவை சிகிச்சை முடிந்து அவர் தன் கையால் ஜாடியைத் திறக்கிறார் என்பது. அதை எழுத எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அவர் என்ன செய்யப்போகிறார் என்பதை இனியும் நானே இட்டுக்கட்டக்கூடாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து அறையில் விசைகள் படபடக்கின்றன. ஞாயிறும் வேலைதான். அண்ணன் வெளியே போய்விட்டு இப்போதுதான் வந்தார், செருப்பைக் கழற்றினார், அந்த அறைக்குள் போனார். "என்னம்மா, இன்னும் முடியலையா?" என்றது அவர் குரல்.

விசைச் சத்தம் நின்றுவிட்டது.

அண்ணன் கேட்டதற்கு "இதோ ஆச்சு" என்று சொல்ல அண்ணி பெடலிலிருந்து காலை எடுத்தாரா, இல்லை, கையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாரா? சுவருக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை. நான் போய் எட்டிப் பார்க்கப்போவதில்லை. என் விரலும் இத்தோடு நிற்கிறது. உங்களுக்கு ஏதாவது கேட்கிறதா?