மணல் மூட்டை உறுப்பினர்

வலது தோளைத் தூக்க முடியவில்லை. சட்டையைக் கழற்றுவதற்கே இன்னாசிக்கு மனைவியின் கை தேவைப்பட்டது. ஞானமணி தைலத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"துப்பாக்கி ஒதச்சிருச்சாங்க?"

"அத இன்னும் ஒறைய விட்டே எடுக்கல. ரெண்டு நாளா மண்ணு மூட்ட தூக்குறேன்."

"சுடப் பழக்குறோம்னுதானே கூப்பிட்டாக?"

"மொதல்ல செவரு எழுப்பணுமாம். குண்டு வெளிய போயிரக் கூடாதுல்ல. அதுக்குப் பேருதான் சேஃப்டி."

இலுப்பூரில் ஒரு வங்கியின் வாசலில் துப்பாக்கியோடு நிற்பது இன்னாசியின் வேலை. துப்பாக்கி அவருடையது; அதனால்தான் வேலையும் அவருடையது. காட்டுப்பன்றிக்காக அப்பா வாங்கி, பிறகு மகன் பெயருக்கு மாறிய ஒற்றைக்குழல். பதினோரு வருஷத்தில் அது ஒருமுறைகூட வெடித்ததில்லை. உதவித்தொகை வாங்க வருகிறவர்களை வரிசையில் நிறுத்த வெடிக்காத துப்பாக்கியே போதுமானதாக இருந்தது.

இந்த முறை உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது, துப்பாக்கி கிளப்பின் உறுப்பினர் அட்டையும், அங்கே மூன்று நாள் பாதுகாப்புப் பயிற்சி எடுத்த சான்றிதழும் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். துப்பாக்கி இல்லாத இன்னாசி வங்கிக்குத் தேவையில்லை.

பக்கத்தில் இருந்த ஒரே கிளப், கிரஷர் முதலாளி ரத்தினவேலுடையது. கல் தீர்ந்துபோன தன் பழைய குவாரிப் பள்ளத்தில் தகரக் கொட்டகை போட்டு, குறிபார்த்துச் சுடப் பலகை நட்டு, போர்டு மாட்டியிருந்தார். அந்தப் பள்ளத்தைத் தோண்டியவர்களில் இன்னாசியும் ஒருவர். பன்னிரண்டு வருஷம் அங்கே கல்லுடைத்தார். அன்றைக்குப் பாதுகாப்பு என்றால் ஒரு சிவப்புத் துணி, ஒரு விசில். விசில் அடித்தால் வெடி வெடிக்கப் போகிறது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பாறை மறைவுக்கு ஓட வேண்டும். ஓடப் பிந்திய, கூட வேலைபார்த்த சேவுகனுக்கு ஒரு கண் போனது. அதற்கு எவரும் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை.

கிளப் சந்தா எவ்வளவு என்று தெரிந்ததும் இன்னாசி எழுந்துவிட்டார். ரத்தினவேல் உட்காரச் சொன்னார்.

"ஒங்கிட்ட பணம் எவன்யா கேட்டான்? ஆறு நாள் வேலை பாரு, மெம்பராக்கிடுறேன். டாக்டரு, வக்கீலு எல்லாரும் இருக்குற நோட்டுல ஒம் பேரும் இருக்கும்."

முதல் இரண்டு நாளும் பயிற்சி என்ற பெயரில் மூட்டைதான் தூக்கினார். மூன்றாம் நாள்தான் வகுப்பு. பதினோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். வந்தவர் இன்னாசி ஒருவர்தான். மற்ற பத்துப் பேருக்கும் அவர்களுடைய டிரைவர்கள் வந்து, சான்றிதழ் வாங்கிப்போகக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் திருப்பதி என்பவனும் அதே குவாரியில் கல் சுமந்தவன்தான்.

"மொதப் பாடம், குழல மனுசன் பக்கம் திருப்பக் கூடாது" என்றார் ரத்தினவேல். உடனே தன் துப்பாக்கியால் டிரைவர்களைக் காட்டி, "ஏய், அங்கிட்டு என்னடா பேச்சு?" என்று அதட்டினார். பத்துத் தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

"ரெண்டாம் பாடம், நான் விசிலடிச்சா சுடணும். அஞ்சு ரவுண்டு."

இன்னாசி தோட்டாவைப் போட்டார். விசில் அடித்தது.

அடுத்த நொடி, சுடாமலே தோட்டாவைக் கழற்றி வெளியே எடுத்தாயிற்று, துப்பாக்கி மூட்டை மேல் கிடந்தது, இன்னாசி பாறை மறைவில் இருந்தார். "வெடீய்... வெடீய்..." என்ற அவர் குரல் பள்ளம் முழுக்கக் கேட்டது. திருப்பதி பின்னாலேயே ஓடினான். காரணம் தெரியாமல் மற்ற ஒன்பது பேரும் ஓடினார்கள். பள்ளத்தின் நடுவில், வாயில் விசிலோடு ரத்தினவேல் மட்டும் நின்றார்.

"திருப்பதி, நீ எதுக்குடா ஓடுன?"

"இன்னாசியண்ணன் ஓடுனா ஓடிரணும் மொதலாளி. ஓடாம நின்னதுக்குத்தான் சேவுகனுக்குக் கண்ணு போச்சு."

ரத்தினவேல் இன்னாசி பக்கம் திரும்பினார். "சுடச் சொன்னா ஓடுற. ஒனக்கு எப்படிய்யா சேஃப்டின்னு எழுதிக் குடுக்குறது?"

கேட்டுக்கொண்டே மற்ற சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டு டிரைவர்களிடம் நீட்டினார். வராத பத்துப் பேரும் பயிற்சியில் தேறினார்கள்.

"மொதலாளி, திங்கக்கெழம வேலை போயிருங்க" என்றார் இன்னாசி. "விசிலு மட்டும் வேணாம். வாயால சொல்லுங்க, சுட்டுர்றேன்."

"சரி, சுட்டுத் தொலை."

ஐந்து முறை சுட்டார். நோகும் தோள் துப்பாக்கியைத் தாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் குழல் தாழ்ந்தது. பலகையில் ஒரு பொட்டுக்கூட விழவில்லை. அதன் கீழே, அவரே நிரப்பி அவரே அடுக்கிய மூட்டைகளில் ஐந்து கிழிந்து மணல் கொட்டியது.

ரத்தினவேல் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆளு மேல ஒண்ணும் படல. பாஸுய்யா."

சான்றிதழும் கிடைத்தது, அட்டையும் கிடைத்தது. இன்னாசி கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது ரத்தினவேல் கூப்பிட்டார்.

"இன்னைக்கு நீ படிச்ச நாளு. வேலை நாள்ல சேராது, தெரியும்ல? கிழிச்ச மூட்டயும் ஒங் கணக்குத்தான்."

வீட்டில் ஞானமணி அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இனி அங்கிட்டுப் போக வேணாம்ல?" என்று கேட்டாள். இன்னாசி தோளைக் காட்டி, தைலத்தை எடுத்துவரச் சொன்னார். கிளப்புக்கு அவர் இன்னும் நான்கு நாள் வேலையும் ஐந்து மணல் மூட்டையும் தர வேண்டும்.