வாசலில் இரண்டு கோஷ்டி

கோழி சாலட்டில் செலரித் தண்டு கூடிப்போய்விட்டதோ என்று வினிஃப்ரெட் டால்காட் கரண்டியால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் கோஷம் கேட்டது. திரையை விலக்கினாள். வேலிக்கு வலப்புறம் அவளுடைய தேவாலயத்துக்காரர்கள் ‘சிசுக்களைக் கொல்லாதே’ என்று அட்டை பிடித்து நின்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். இடப்புறம் கல்லூரிப் பக்கத்துப் பெண்கள் ‘எங்கள் உடல், எங்கள் முடிவு’ என்று அதைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ரிபப்ளிக்கனாகப் பிறந்து, ரிபப்ளிக்கனைக் கட்டி, போன வருடம் அந்த ரிபப்ளிக்கனைப் புதைத்தும் விட்டவள் வினிஃப்ரெட். வரி குறைய வேண்டும், அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. கருவைச் சுமப்பதா வேண்டாமா என்று ஒரு பெண் முடிவெடுக்கும் இடத்திலும் அந்த மூக்கு வரக் கூடாது என்பதை மட்டும் அவளாகச் சேர்த்துக்கொண்டாள். கருக்கலைப்பை எதிர்க்கும் அந்த ரிபப்ளிக்கன் கட்சிக்காரர்கள் அதைக் கேட்டால் கூரையைப் பார்த்தார்கள். அதனால் அவளைப் போன்ற பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்து, அப்படிப் பேசத் துணிந்த ரிபப்ளிக்கன் பெண்கள் தேர்தலில் நின்றால் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். இன்றைய விருந்து கிரெட்டா ஹாலண்டருக்காக. மாநில செனட்டுக்கு நிற்கிறாள். இன்று கிடைப்பதை வைத்துத்தான் கடைசி வார டிவி விளம்பரம்.

வினிஃப்ரெட் கரண்டியோடே வேலிக்குப் போனாள்.

“ஏம்மா, அவங்க கத்துறாங்க, சரி. நீங்க எதுக்கு? நானும் அதைத்தானே சொல்றேன்?”

இடப்புறக் கூட்டத்தின் தலைவி நவோமி, வட்டக் கண்ணாடி போட்ட விரிவுரையாளர். “ரிபப்ளிக்கன் பொம்பளைக்குப் பணம் வசூல் பண்றீங்களா இல்லையா?”

“ஆமா. கருக்கலைப்பு உரிமை வேணும்னு சொல்ற ரிபப்ளிக்கன் பொம்பளைக்கு.”

நவோமி பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். “அப்படியெல்லாம் இருக்காங்களா?”

“இருக்கோமே. எல்லாரும் உள்ளதான் உக்காந்து சாப்பிட்டுட்டிருக்காங்க.”

“அவ சொல்றது நெசந்தாங்க,” என்று வலப்புறத்திலிருந்து ஒரு குரல் வந்தது. லுசில். கல்லூரிக் காலம் தொட்டு வினிஃப்ரெட்டின் சிநேகிதி, அவளும் ரிபப்ளிக்கன்தான். செவ்வாய்தோறும் சீட்டாட்டத்தில் கூட்டாளி. “நானும் வருஷக்கணக்கா சொல்லிப் பாத்துட்டேன். திருந்த மாட்டேங்கறா.”

“அப்ப நீங்க எங்க கட்சிக்கு வந்துரலாமே,” என்றாள் நவோமி.

“நான் ஏன் வரணும்? எங்கப்பா இருந்த கட்சி. வீட்டுல எலி பூந்தா வீட்டையே எலிக்கு எழுதிக் குடுத்துட்டா போவாங்க?”

“யாரைடி எலிங்கற?” என்றாள் லுசில்.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. வேலியோரம் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. லுசிலின் முட்டிவலி வினிஃப்ரெட்டுக்குத் தெரியும். “அட்டையெல்லாம் வராந்தாவுல வச்சுட்டு உள்ள வாங்க. செருப்பைத் துடைச்சுட்டு வாங்க,” என்று கத்தினாள். இரண்டு கோஷ்டியும் ஒரே கதவில் முட்டிக்கொண்டு நுழைந்தது. முத்துமாலை போட்ட விருந்தாளிகள் தட்டைக் கையில் பிடித்தபடி சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கிரெட்டா பின்வாசல் வழியாக வந்தாள். சமையலறையில் அவளுடைய பிரசார மேலாளர் அவள் காதைக் கடிப்பது வினிஃப்ரெட்டுக்குக் கேட்டது. “அந்த வார்த்தையே வேணாம் மேடம். கூடத்துல ரெண்டு பக்கத்து ஆளும் இருக்காங்க. குடும்பம், ரோடு, வரி. அவ்வளவுதான்.”

கிரெட்டா தலையாட்டினாள். கூடத்துக்கு வந்து ரோட்டைப் பற்றிப் பேசினாள். பாலத்தைப் பற்றிப் பேசினாள். குடும்பம் எவ்வளவு முக்கியம் என்று பேசினாள். காசோலைப் புத்தகங்கள் கைப்பைக்குள் திரும்புவதை வினிஃப்ரெட் கவனித்தாள். அவளுக்கு அடேலின் நினைவு வந்தது. கல்லூரி விடுதியில் அவளும் லுசிலும் அடேலும் ஒரே அறை. ஒரு வெள்ளிக்கிழமை அடேல் யாரிடமும் சொல்லாமல் கருவைக் கலைக்கத் துறைமுகப் பக்கம் யாரோ ஒரு ஆளிடம் போனாள், திரும்பவில்லை. வினிஃப்ரெட்டும் லுசிலும் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தார்கள். இனி எந்தப் பெண்ணும் இப்படி ஒளிந்து போகக் கூடாது என்று ஒருத்தி நினைத்தாள். எந்தப் பெண்ணும் போகவே கூடாது என்று மற்றவள் நினைத்தாள். அதைப் பற்றி மட்டும் அவர்கள் சீட்டு மேசையில் பேசியதே இல்லை.

“கிரெட்டா,” என்றாள் வினிஃப்ரெட். “ரோடு எங்கேயும் ஓடிறாது. நீ எதுக்கு நிக்கறியோ அதைச் சொல்லு.”

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். லுசிலும் எழுந்தாள். “ஆமா, சொல்லட்டும். மூஞ்சிக்கு நேரா சொல்றவளைத்தான் நான் மூஞ்சிக்கு நேரா எதுக்க முடியும்.”

கிரெட்டா தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். “அது அந்தப் பொண்ணோட முடிவு,” என்றாள். “அரசாங்கத்துக்கு அங்க வேலை இல்ல.”

நவோமியின் ஆட்கள் கைதட்டினார்கள். தேவாலயத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

“அதே மாதிரி உங்க சம்பளத்துல கைவைக்கவும் அதுக்கு வேலை இல்ல. வரியைக் குறைப்பேன்.”

தேவாலயத்துக்காரர்கள் கைதட்டினார்கள். நவோமியின் ஆட்கள் ஊளையிட்டார்கள். பழக்கதோஷத்தில் லுசிலும் பலமாகத் தட்டிவிட்டு, யாருக்குத் தட்டுகிறோம் என்று உறைத்ததும் கைகளை மடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சுவரோரத்தில் ஒரு கிழவி கைப்பையைத் திறந்து, “பேனா யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டாள். நவோமி யோசிக்காமல் தன்னுடையதை நீட்டிவிட்டாள்.

மழை விட்டது. அடுத்த ஊர்க் கூட்டத்துக்குக் கிரெட்டா அவசரமாகக் கிளம்பினாள். ஆனால் பின்பக்கப் புல்வெளியில் நிறுத்தியிருந்த அவளுடைய கார் அரைச் சக்கரம் சேற்றுக்குள் போயிருந்தது. மேலாளர் ஒருவரால் அசைக்க முடியவில்லை. முத்துமாலைக்காரிகள் காலணியைக் கழற்றிவிட்டு வந்தார்கள். திட்டிக்கொண்டே நவோமி வந்தாள். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டேந்தும் கனவான் கோட்டுக் கையை மடித்துக்கொண்டு வந்தார். வினிஃப்ரெட் கார் டிக்கியில் கைவைத்தபோது பக்கத்தில் இன்னொரு சுருக்கம் விழுந்த கை வந்து ஊன்றியது.

“உனக்காகத்தான் தள்றேன். அவளுக்கில்ல,” என்றாள் லுசில்.

“தெரியும்டி. முட்டியைப் பாத்து.”

“நவம்பர் தேர்தல்ல அவளைத் தோக்கடிக்காம விடமாட்டேன்.”

“அதுவும் தெரியும். இப்பத் தள்ளு.”

எல்லோரும் ஒரே மூச்சில் தள்ளினார்கள். சக்கரம் சுழன்று அத்தனை பேர் மேலும் சேற்றை வாரி இறைத்தது. கார் கொஞ்சம் முன்னால் போவது போல எழும்பி, யோசித்து, அங்கேயே உறுமிக்கொண்டு நின்றது.