அக்னி மூலையை விட்டு நகராத படகு

வில்லாபுரத்தில் கருத்தக்கண்ணன் குடியிருந்த பாய்மரப் படகு, சொட்டுத் தண்ணீர் இல்லாத காலி மனையில் நின்றபடியே காற்றடிக்கிற பக்கமெல்லாம் திரும்பும். காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு அசையாத வீட்டில் தூக்கம் வரவில்லை. அதனால்தான் தூத்துக்குடியிலிருந்து அதை லாரியில் ஏற்றி வந்தார். உள்ளே செய்த வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. கட்டில் பலகையைத் தூக்கினால் அரிசி டிரம், சுவரோடு மடங்கும் சாப்பாட்டு மேஜை, ஜன்னலுக்குக் கொசுவலை, மிக்ஸி உருளாதிருக்கத் தோதாக ஒரு பள்ளம். மனைவி முத்துமீனா கேட்டது ஒன்றுதான்: அடுப்பு அக்னி மூலையில், தென்கிழக்கில், இருக்க வேண்டும். அப்படியே வைத்தார். வைகாசியில் பால் காய்ச்சினார்கள். ஆடிக் காற்றில் படகு திரும்ப, அடுப்பு ஈசானிய மூலைக்குப் போய்விட்டது. "ஏங்க, சாமி மூலையில வச்சு நான் மீன் கொழம்பு காய்ச்சவா?" என்று கேட்ட முத்துமீனா, குழம்புச் சட்டியோடு பழங்காநத்தத்து அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் இல்லாத படகு கருத்தக்கண்ணனுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. படகைத் தென்னையில் கட்டிப் பார்த்தார். தென்னையும் சேர்ந்து சுற்றியது. எப்படித் திரும்பினாலும் ஒன்றாவது தென்கிழக்கில் நிற்குமே என்று நாலு மூலையிலும் அடுப்பு போட்டார். அதில் கட்டிலும் மேஜையும் வெளியே போயின. போய்ப் பார்த்து வந்த அண்ணன் முத்துப்பாண்டி தங்கையிடம், "படுக்க எடமில்லாம அம்புட்டு அடுப்புக்கும் நடுவுல உக்காந்தே தூங்குறாரு மாப்ள. பாவமா இருக்கு தாயி" என்றார். அன்றைக்கே ஷேர் ஆட்டோ பிடித்து வந்த முத்துமீனா, அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று அடுப்பைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, கட்டிலை உள்ளே இழுத்துப் போட்டாள். தென்கிழக்கில் நின்ற நாலாவதில் சட்டியை ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"நான் உக்காந்துட்டேன். இனி எங்கிட்டுத் திரும்புதுன்னு பாப்போம்."

காற்று வந்தது, பாய் புடைத்தது. படகு ஆடியதே தவிரத் திரும்பவில்லை. அதற்குப் பதிலாகத் தெரு திரும்பிக்கொண்டது. அன்றிலிருந்து அப்படித்தான். ஆட்டோக்காரர்கள் காற்றைப் பார்த்துத்தான் தெருவுக்குள் நுழைகிறார்கள். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அக்கா, பொண்ணு பாக்க வாராக. செத்த எந்திரிச்சு நின்னீங்கன்னா எங்க வாசல் கெழக்கப் பாத்தே இருக்கும்" என்று கேட்டாள்.

முத்துமீனா கட்டில் பக்கம் கையைக் காட்டினாள். கருத்தக்கண்ணன் தெற்கே தலைவைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் கண்ணசந்தாரு. முழிக்கட்டும் தாயி."

சரியென்று தலையாட்டிய பக்கத்து வீட்டுக்காரி, அதற்குள் எதிர்ப்பக்கம் போய்விட்டிருந்த தன் வீட்டுக்கு நடந்தாள்.