தலை குனியும் களிமண் குதிரை

1

இலக்கிய உலகின் மேலான கவனத்துக்கு, மிகுந்த பொறுப்புணர்வுடன் அறிவிப்பது: இக்கதை ஒரு களிமண் குதிரையின் கழுத்தைப் பற்றியது. கற்பனை ஊற்றெடுத்து வந்ததல்ல. பக்கத்து வீட்டுச் சிற்பி தன் மச்சினனைத் திட்டியது என் சன்னல் வழியே கேட்டது, பேனாவை எடுத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: விண்ணை நோக்கி நிமிர்ந்த அக்குதிரையின் பிடரியில் காலம் தன்

(வேண்டாம். காலத்துக்குப் பிடரியில் என்ன வேலை?)

இரண்டாம் தொடக்கம்: சிற்பி ஆறு கம்பிகள் வெட்டினார். கால்களுக்கு நான்கு, முதுகுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. மண்ணைத் தாங்கும் எலும்புகள் அவை. அப்போதுதான் சந்தேகம் தட்டியது: அடுத்த அறையில் பொம்மை செய்யும் மச்சினன் பார்த்துக் காப்பியடித்துவிட்டால்? எழுந்துபோய் நடுக்கதவை இறுக்கிக் கட்டிவிட்டு வந்துதான் மண்ணைத் தொட்டார்.

3

மறுநாள் ஈரத்துணியை விலக்கினால், குதிரையின் தலை ஒரு விரற்கடை* இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் மூன்று. வெள்ளிக்கிழமை தேர்வுக்குழு வருகிறது. தலைநிமிர்ந்த குதிரைதான் வேண்டுமாம்.

(* சிற்பிக்கு விரல் தடிமன். சாட்சியாக ஏற்க இயலாது.)

"என்னடா, நான் இல்லாதப்ப வந்து அமுக்குனியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா மாமா? கதவத்தான் ஜடை பின்னுற மாதிரி முறுக்கி வச்சிருக்கீங்களே!"

"சன்னல் இருக்குல்ல?"

"அதுல என் தொப்பையா நுழையும்?"

சிற்பியின் மனைவி குறுக்கே வந்தாள். "ஏங்க, என் தம்பிய வெளிய அனுப்பினா நானும் பெட்டியக் கட்டிருவேன். அப்புறம் நீங்களும் குதிரையும் ஆக்கித் தின்னுங்க."

சிற்பி நடுக்கதவின் கட்டுக்கு இன்னும் இரண்டு முறுக்கு ஏற்றினார்.

4

(எனக்கும் மச்சினன்மேல்தான் சந்தேகம். இவ்வளவு சுருக்காகப் பேசுகிறவன் யோக்கியனாக இருக்க முடியாது. மூன்றாம் திருத்தத்தில் அவனுக்குத் திருட்டு முழி கொடுத்துப் பார்த்தேன்; நன்றாகவே பொருந்தியது.)

முடிவு அ: மச்சினன் சன்னலில் பிடிபடுகிறான். (தொப்பை இடிக்கிறது.)

முடிவு ஆ: குதிரைக்கு உயிர் வந்து, மனிதகுலத்தின் இழிவை எண்ணித் தானே தலைகுனிகிறது. (விருது நிச்சயம். எனக்கே கூசுகிறது.)

இன்று வியாழன் மாலை. குதிரையின் மூக்கு முழங்காலைத் தொட்டுவிட்டது. வாசலில் இரண்டு பெட்டிகள்: ஒன்று தம்பியுடையது, ஒன்று அக்காளுடையது. சிற்பி வாயைத் திறக்கப்போகிறார். "போ" என்பாரா, "இரு" என்பாரா? அதை வாசகரே, உங்களிடம் விடுகிறேன்.

நடுக்கதவைக் கட்டியிருப்பது, கழுத்துக்கு வெட்டிய கம்பி.