கண்டென்சரை நிமிர்த்திய மாப்பிள்ளை

மாமனாரின் கார் ஏசி பட்டறைக்கு மாப்பிள்ளை துரை வந்தது மனைவியைக் கூட்டிப்போகத்தான். அக்கம்பக்கம் பார்க்கத் தன் வீட்டு வாசலில் வைத்து அவன் அவளை அறைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு வந்தவள், பட்டறையில் வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத் துரைக்கு வாய் வரவில்லை. கூடமாட ஒத்தாசை செய்தால் மனம் இளகிவிடுவாள் என்று நினைத்தான்.

முகப்பு கழற்றிய காரொன்று நின்றது. முன்னால் கண்டென்சர், தூசி அப்பிப்போய். துணிக்கடையில் துணி கிழிக்கிறவனுக்கு ஏன் இந்த வேலை? வண்டி கழுவும் தண்ணீர்த் துப்பாக்கியை எடுத்து, கிட்டே வைத்து ஒரே பீச்சு. தூசி போனது. காகிதம் போல மெல்லிய அலுமினியத் தகடுகளும் வரிசை வரிசையாக மடிந்து படுத்துவிட்டன.

மாமனார் கத்தவில்லை.

"மாப்பிள்ளை, வண்டிக்குள்ள இருக்கிற சூட்டை கேஸ் சுமந்துட்டு இங்க வரும். இந்தத் தகடு இடுக்குல காத்து புகுந்து அந்தச் சூட்டை வாங்கிட்டுப் போகணும். அப்பத்தான் கேஸ் திரவமாகும், திரும்பப் போய்க் குளிரவைக்கும். நீங்க இடுக்கையே அடைச்சுட்டீங்க."

"இப்ப என்ன மாமா பண்றது?"

மகள் எழுந்து வந்து அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் கண்டென்சரைக் கழற்றி அவன் மடியில் வைத்தார். மடிந்த தகடுகளை நிமிர்த்துவதற்கென்றே சீப்பு உண்டு, கொடுத்ததென்னவோ ஊசி.

"ஒவ்வொண்ணா நிமித்துங்க. முடிச்சுட்டு அவகிட்ட பேசுங்க."

கடைக்கு லீவு போட்டு, வாசலருகே முக்காலியில் மூன்று நாள் உட்கார்ந்தான். கழுத்து கழன்றது. விரல் நுனியெல்லாம் கீறல். புது ஆளா என்று கேட்டவர்களிடமெல்லாம், "நம்ம மாப்பிள்ளைதான்" என்று மாமனார் சிரித்தபடி சொன்னார். அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது. ஆனால் அவள் வேளை தவறாமல் டீ கொண்டுவந்து வைத்தாளே! அந்த நம்பிக்கையில் தலை நிமிராமல் ஊசியை ஓட்டினான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கண்டென்சரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். எல்லா இடுக்கிலும் வெளிச்சம் தெரிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

"முடிஞ்சுது மாமா. வண்டி எங்க?"

"புதுசு மாட்டி அன்னைக்கே அனுப்பிட்டேன் மாப்பிள்ளை. இதுல குழாயே ஓட்டை. அதுக்குத்தான் வண்டி வந்துச்சு."

அவன் மனைவியைப் பார்த்தான்.

"அப்பாவைக் கேக்காதீங்க, நான்தான் சொன்னேன்" என்றாள். "போறவங்க வர்றவங்க முன்னாடி நீங்க தலைகுனிஞ்சு உக்காந்திருக்கிறதைப் பாக்கணும்னு இருந்துச்சு. கண் குளிரப் பாத்துட்டேன்."

"சரி, பாத்தாச்சுல்ல. வீட்டுக்கு வா."

"பேசலாம்னுதானே அப்பா சொன்னாரு? பேசியாச்சு."

கண்டென்சரை அவன் கையிலிருந்து வாங்கிப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தாள். பிறகு வாசலில் காத்திருந்தவரிடம், "வாங்க சார், உங்க வண்டிக்கு என்ன?" என்று கேட்டாள்.