முழங்காலுக்குக் கீழே

வடக்கே கட்கியில், தமிழர்கள் நிறைந்த தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சரளை மைதானம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தப் பக்கம் போனால், ஒரு ஆள் பதினான்கு பெண் பிள்ளைகளின் கால்களைக் குறிபார்த்துப் பந்தடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பதற வேண்டாம், அவன்தான் அவர்களுடைய ஹாக்கி கோச். பெயர் வாசுதேவன். தொழிற்சாலையில் ஃபிட்டர். மகளும் ஆடுகிறாளே என்று நாலு வருஷத்துக்கு முன் தானாகவே முன்வந்து இந்த வேலையை எடுத்துக்கொண்டான். சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்காதவனை வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது, அதனால் அவன் வைத்ததுதான் அங்கே சட்டம்.

பெற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சுவர் ஓரமாக டீ ஃபிளாஸ்க்கும் கையுமாக நின்று, பிள்ளைகள் அடி வாங்குவதைப் பெருமையோடு பார்ப்பார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா, ரயில்வே வேலை, காலேஜ் சீட்டு என்று ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒரு கனவு ஓடிக்கொண்டிருக்கும். பந்தைக் கண்டு ஒருத்தி விலகினால் வாசுதேவன் அவள் கெண்டைக்காலில் ஸ்டிக்கால் ஒன்று போடுவான். அவள் அப்பாவே சுவர் ஓரத்திலிருந்து, "நல்லா போடுங்க சர், வூட்ல சொன்னா எங்க கேக்கறா" என்பார். அடி வாங்கியவள் "தேங்க்யூ சர்" என்று சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்ப வேண்டும். அழுதால் இன்னொரு அடி.

யாருக்கும் பயப்படாத வாசுதேவன் ஒரு பேச்சுக்கு மட்டும் பயந்தான். 'தன் பெண்ணுக்குச் செய்துகொள்கிறான்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்காகவே மகள் வைஷுவும் மைதானத்துக்குள் அவனை 'சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். மற்றவளுக்கு ஒரு அடி என்றால் வைஷுவுக்கு இரண்டு. தண்ணீர் கடைசியில், புது ஸ்டிக் கடைசியில். பதின்மூன்று வயதுப் பெண், மான் மாதிரி ஓடுவாள், ஃபார்வர்டில் ஆடி கோல் போட ஆசைப்பட்டாள். அப்பன் அவளைப் பிடித்து முதல் ரன்னர் ஆக்கினான்.

முதல் ரன்னர் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். பெனால்டி கார்னர் கிடைத்தால், எதிரணிக்காரி ஒருத்தி கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட, இன்னொருத்தி வட்டத்தின் நுனியில் நின்று கல் மாதிரி இருக்கும் அந்தப் பந்தை ஸ்டிக்கால் சுழற்றி கோலை நோக்கி வீசுவாள். நம் பக்கம் ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். அவர்களில் ஒருத்தி, பந்து கிளம்பியதுமே அதை நோக்கி நேராக ஓட வேண்டும். எல்லாரும் பந்தைவிட்டு ஓடும்போது இவள் மட்டும் பந்துக்குள் ஓடுகிறவள். எந்தத் தகப்பனும் தன் பெண்ணை அந்த இடத்துக்குக் கேட்டு வந்ததில்லை. கோச்சின் பெண் இருக்கிறாளே என்று எல்லாருக்கும் நிம்மதி.

அதில் ஒரு விதி வேறு இருக்கிறது. ஓடி வருகிறவளுக்கு முழங்காலுக்குக் கீழே பட்டால் வீசியவளுக்கு இன்னொரு கார்னர். முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் ஆபத்தான அடி என்று நம் பக்கம் ஃப்ரீ ஹிட். வாசுதேவன் அந்த விதியை இரண்டு பக்கமும் தீட்டி வைத்திருந்தான். வீசுகிறவர்களுக்கு, "மொதல்ல ரன்னர் கால்ல குடு. முட்டிக்குக் கீழ. இன்னொரு கார்னர் கெடைக்கும், ரெண்டாவது தபா அவ வரமாட்டா" என்பான். ஓடுகிறவர்களுக்கு, "அம்பயருக்குத் தெரியாத அளவு குனிஞ்சு ஓடு. மேல வாங்கு. ஃப்ரீ ஹிட் நமக்கு" என்பான். பிள்ளைகள் இரண்டையும் வேதம் மாதிரி மனப்பாடம் செய்தார்கள்.

வீசுவதில் கெட்டிக்காரி காவ்யா. அவள் அப்பா டேனியல், போசரியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். போன வருஷம் காவ்யாதான் கேப்டன் என்று டேனியல் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வாசுதேவன் அவளுக்கும் கொடுக்கவில்லை, பேச்சு வரக் கூடாதென்று வைஷுவுக்கும் கொடுக்கவில்லை, மூன்றாவதாக ஒருத்திக்குக் கொடுத்தான். டேனியல் சட்டையைப் பிடித்தார். வாசுதேவன் அவர் கன்னத்தில் அறைந்தான். அவர் கண்ணாடி உடைந்தது, உதடு கிழிந்தது. அடுத்த வாரம் காவ்யா பிம்ப்ரியில் வேறு கிளப்பில் சேர்ந்துவிட்டாள்.

அந்த கிளப்போடுதான் இந்த ஞாயிறு மேட்ச். பிம்ப்ரியில், செயற்கைப் புல் தரையில். மூன்று தேர்வாளர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாநில அணியின் பதினாலு வயதுக்குட்பட்டோர் முகாமுக்கு இந்த மேட்சிலிருந்து இரண்டு பேரை எடுப்பார்களாம். ஒரு இடம் வைஷுவுக்கு வேண்டும். அதை வாசுதேவன் ஒரு ஆளிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. தான் தூக்கிவிட்டதாக இல்லாமல், அவளே போனதாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கார்னருக்குப் போட்டுக்கொள்ள அணியிடம் நாலே முகக் கவசம், நாலிலும் பட்டை கிழிந்திருந்தது. சனிக்கிழமை வாசுதேவன் உட்கார்ந்து மூன்றுக்குப் புதுப் பட்டை வைத்து ரிவெட் அடித்தான். நாலாவது வைஷுவுடையது. ரிவெட் இருந்தது, பட்டை இருந்தது, இரண்டு நிமிஷ வேலை, கையோ ஃபிட்டர் கை. "மத்த பசங்களோடது முடியட்டும்" என்று தள்ளி வைத்தான். காலையில் அவளே பழைய ஷூ லேஸைக் கோத்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மேட்ச் ஆரம்பத்திலிருந்தே ரத்தம்தான். சரளையில் பழகிய கால்களுக்குப் புல் தரை வழுக்கியது, பந்து இரண்டு மடங்கு வேகத்தில் வந்தது. ஒருத்திக்கு விரல் நசுங்கியது. ஒருத்தி முழங்கை தோல் உரிந்து வெளியே வந்தாள், அவள் அம்மாவே கர்சீப்பைக் கட்டி உள்ளே தள்ளினாள். இரண்டு பக்கத்துத் தகப்பன்மார்களும் வேலியைப் பிடித்துக்கொண்டு, "மார், மார் உஸ்கோ", அடி, அவளை அடி, என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அடிக்கச் சொன்னது பந்தை இல்லை.

கடைசிக் கால் பாகம். ஒன்றுக்கு ஒன்று. பிம்ப்ரி அணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. வட்டத்தின் நுனியில் காவ்யா வந்து நின்றாள். கோல் கோட்டுக்குப் பின்னால் வைஷு லேஸ் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

பந்து கிளம்பியது, வைஷு ஓடினாள், காவ்யா வீசினாள். கட்டை முறிவதுபோல் ஒரு சத்தம். காவலுக்கு வைத்திருந்த ஷின் கார்டையும் மீறி, பந்து வைஷுவின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் இறங்கியது. அவள் உருண்டு விழுந்தாள். அம்பயர் மறுபடி கார்னர் என்று கை காட்டினார்.

வைஷு எழுந்தாள், விழுந்தாள், மறுபடி எழுந்தாள். வேலி ஓரத்திலிருந்து அவள் அம்மா பார்வதி ஓடி வந்து வாசுதேவன் தோளைப் பிடித்தாள்.

"இன்னாங்க, கொழந்தய வெளிய கூப்புடுங்க. கால ஊன முடியல அதால."

"சும்மா இரு."

"வேற யாரயாச்சும் அனுப்புங்க."

"யார அனுப்பறது? எம்பொண்ண எடுத்துட்டு ஊராம் பொண்ண அனுப்பவா? அத்தினி பேரும் பாத்துனு கீறாங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாற்காலியில் இருந்த மூன்று பேரும் பார்த்தார்கள். அதைத்தான் அவன் பார்த்தான். நொண்டிக்கொண்டே கோட்டுக்குப் போகும் மகளைப் பார்த்துக் கத்தினான்.

"வைஷு, குனி. மேல வாங்கு."

அவள் திரும்பி, "எஸ் சர்" என்றாள்.

இரண்டாவது தடவை அவள் ஓடியது ஓட்டமே இல்லை. ஒரு கால் இழுத்தது, நாலு எட்டில் அந்தக் கால் மடங்கி முன்னால் சரிந்தாள். சொன்னபடி குனியவும் குனிந்தாள். லேஸ் அவிழ்ந்து கவசம் நெற்றிக்கு ஏறியது. காவ்யா போன தடவை வீசிய அதே உயரத்துக்குத்தான் வீசினாள். அந்த உயரத்தில் இந்தத் தடவை வைஷுவின் வாய் இருந்தது.

அம்பயர் விசில் ஊதி, கையைக் கட்கி அணியின் பக்கம் நீட்டினார். ஆபத்தான அடி. ஃப்ரீ ஹிட்.

வாசுதேவன் முஷ்டியை மடக்கி மேலே தூக்கி, "சபாஷ்" என்றான். ஒரு நொடி, அவ்வளவுதான். அந்த ஒரு நொடி அவனுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதை அவன் சாகும்வரை மறைக்க முடியாது, பக்கத்தில் நின்ற பார்வதி பார்த்துவிட்டாள்.

பிறகுதான் பச்சைத் தரையில் சிவப்பு தெரிந்தது. வைஷு முழந்தாளிட்டு இரண்டு கையையும் வாய்க்குக் கீழே ஏந்திக்கொண்டிருந்தாள். கைக்குள் பல் இருந்தது. பார்வதி அலறிக்கொண்டு மகளிடம் ஓடினாள். பெற்ற தகப்பன் எங்கே ஓடினான் தெரியுமா? கீழே கிடந்த ஸ்டிக் ஒன்றை எடுத்துக்கொண்டு காவ்யாவை நோக்கி ஓடினான். அவளுக்குப் பதினாலு வயது. நகரக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

ஸ்டிக் இறங்கும்போது டேனியல் குறுக்கே விழுந்து கையை நீட்டினார். முன்கை எலும்பு முறிந்தது எல்லாருக்கும் கேட்டது. இருந்தும் அவர் மற்ற கையால் வாசுதேவன் மூக்கில் குத்தினார். அவன் மறுபடி வீசினான், தோளில் பட்டது. அதற்குள் வேலி திறந்து இரண்டு பக்கத்து அப்பாக்களும் உள்ளே வந்துவிட்டார்கள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. தேர்வாளர்களின் நாற்காலி ஒன்று பறந்தது. பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு சாது மனிதர் இன்னொருவரைக் கீழே போட்டு வயிற்றில் மிதித்தார். யாருடைய மண்டையோ உடைந்தது. பிள்ளைகள் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, தங்களைப் பெற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசுதேவன் டேனியல் மார்பில் ஏறி உட்கார்ந்து தொண்டையைப் பிடித்திருந்தான். மூக்கு ரத்தம் அவர் சட்டையில் சொட்டியது. "எம்பொண்ண அடிக்கச் சொல்லிக் குடுத்தியாடா? சொல்லிக் குடுத்தியா?"

காவ்யா பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா சொல்லல சர். நீங்க சொன்னீங்க."

அவன் திரும்பினான்.

"முட்டிக்குக் கீழ குடுன்னு நீங்கதான சொன்னீங்க. நான் கீழதான் போட்டேன், சத்தியமா. ரெண்டாவது தபா யாரும் வரமாட்டாங்கன்னு சொன்னீங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. "வைஷு ஏன் வந்தா சர்?"

வாசுதேவனின் கை தானாகத் தளர்ந்தது. டேனியல் இருமிக்கொண்டு புரண்டார். அந்தக் கேள்விக்கு மைதானத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் பதில் தெரியும்.

வாசலில் இருந்த ஒரே கார் டேனியலுடையது. அவருடைய கை தொங்கிக்கொண்டிருந்ததால் வாசுதேவனே ஓட்டினான். பக்கத்தில் டேனியல் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு வழி சொன்னார். பின்னால் பார்வதியின் மடியில் வைஷுவின் தலை. காவ்யா தன் ஜெர்சியைக் கழற்றி, பனியனோடு உட்கார்ந்து, வைஷுவின் வாயில் அதை அழுத்திப் பிடித்திருந்தாள். வாசுதேவன் கண்ணாடியில் பின்னாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுபா" என்றார் டேனியல்.

சிக்னலில் கார் நின்றது. வாசுதேவன் திரும்பினான். மேலுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. கன்னம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது.

"வைஷும்மா, அப்பாவப் பாரு. இங்க பாரு."

அவள் ஜெர்சியை விலக்கினாள். பல் போன வாயிலிருந்து சொல் வர நேரமாயிற்று.

"ஃப்ரீ ஹிட் கெடச்சிச்சா சர்?"

பார்வதி அவனை அடித்தாள். பின்னாலிருந்து பிடரியில், காதில், தலையில், கை வலிக்க வலிக்க அடித்தாள். கல்யாணமான பதினைந்து வருஷத்தில் அவள் அவன்மேல் கை ஓங்கியதில்லை. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை, டேனியலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பச்சை விளக்கு விழுந்து, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"கெடச்சிச்சா சர்?" என்று வைஷு மறுபடி கேட்டாள்.

"கெடச்சிச்சும்மா."

"தேங்க்யூ சர்" என்றாள்.