அரை நிமிஷம்

காலை ஐந்தரைக்குப் பால் காய்ச்சினான். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்தான். மனைவியைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து முகம் துடைத்தான். புதிதாய் முளைத்திருந்த முடியைச் சீப்பால் படிய வைத்தான். அவளுடைய மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிவிட்டான். அவள் ஒன்று சொன்னாள். கழற்றி மறுபடியும் துடைத்தான். மாட்டப் போகையில் மூச்சு நின்றிருந்தது.

பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. கண்ணாடி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

பதினொன்றுக்கு டாக்டர் வந்தார். அவள் ஆறு வருடம் வேலை பார்த்த ஆய்வகத்தின் தலைவர். மெழுகில் பதித்த சதையை முடியைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்திச் சாயம் ஏற்றுவது அவள் வேலை. அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுவது அவர் வேலை. ஒரு ஸ்லைடுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் ஒதுக்கமாட்டார். ஆய்வகத்தில் அவருக்கு 'அரை நிமிஷம்' என்றே பேர். வைத்தவள் அவள்.

போன வருடம் அவளுடைய மார்புக் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கும் அந்த மேசைக்குத்தான் வந்தது. அவளே சீவினாள், அவளே சாயம் ஏற்றினாள். அவர் 'பழைய தழும்பு' என்று எழுதினார். செல்கள் நீளநீளமாகத் தழும்பு மாதிரிதான் இருந்தன. ஆனால் ஓர் ஓரத்தில் அவை வேகமாகப் பிளந்து பெருகிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"சார், கெரட்டின் சாயம் ஒண்ணு போட்டுப் பாக்கலாமா? தழும்புன்னா ஏறாது. புத்துநோய்னா பழுப்பாயிடும்."

"சாயம் போடுறது உன் வேலைம்மா. படிக்கிறது என் வேலை."

அன்று வீட்டுக்கு வந்து அதை அவர் குரலிலேயே பேசிக் காட்டினாள். அவனும் சிரித்தான்.

ஏழு மாதம் கழித்து, கட்டி பெரிதாகவே வேறோர் ஊரில் காட்டினார்கள். அங்கே அதே மெழுகுக்கட்டையைச் சீவி அந்தச் சாயத்தைப் போட்டார்கள். பழுப்பாயிற்று. மார்பில் அபூர்வமாக வரும் புற்றுநோய் வகை, தழும்பு போல வேஷம் போடும், வேகமாகப் பரவும் என்றார்கள். அதற்குள் நுரையீரலுக்குப் போயிருந்தது. திருப்பித் தந்த ஸ்லைடுகளை அவள் ஒரு பெட்டியில் போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

டாக்டர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரொம்ப அபூர்வம், தம்பி. யார் பாத்திருந்தாலும் தப்பியிருக்கும்."

"ஒருத்தி பாத்தா, சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஸ்லைடு பெட்டி உங்ககிட்ட இருக்குன்னாங்க. அது ஆஸ்பத்திரியில இருக்க வேண்டியது. இன்னிக்கே குடுத்துட்டீங்கன்னா..."

"இன்னிக்கேவா?"

அவன் எழுந்து உள்ளே போனான். பெட்டியோடு வந்தான். இரண்டு ஸ்லைடுகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். அவள் அன்று சாயம் ஏற்றியதில் இளஞ்சிவப்பாய் ஒரு திட்டு. வெளியூரில் கெரட்டின் சாயம் போட்டதில் அதே திட்டு, டீ கொட்டினாற்போலப் பழுப்பாக. மைக்ரோஸ்கோப்பே தேவையில்லை.

"அரை நிமிஷம் பாருங்க, சார்."

சுவரோரம் நின்ற ஆய்வகப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்க வருத்தம் புரியுது..."

"உங்க ரிப்போர்ட்ல இன்னும் தழும்புன்னுதான் இருக்கு. அது தப்பு, அவ அந்தச் சாயம் போடலாமான்னு கேட்டா, நான் போட விடலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பெட்டிய எடுத்துட்டுப் போங்க."

"இதெல்லாமா இப்பப் பேசறது?"

"பெட்டியக் கேட்டது நீங்க."

அவளுடைய பெரியம்மா இடையில் வந்தாள். "விடுங்க மாப்பிள்ளை. பெரிய மனுஷர் வீடு தேடி வந்திருக்காரு. எல்லாரையும் மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டுத்தானே எம்பொண்ணு கண்ணை மூடினா."

டாக்டர் மெல்லத் தலையாட்டினார். அவருக்குக் கண்கூடக் கலங்கியது.

"பெரியம்மா, நீங்க வர்றப்ப மணி எட்டு."

ஸ்லைடுகளை உள்ளே வைத்துப் பெட்டியை மூடினான். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவளருகே மண்டியிட்டான். பையிலிருந்து கண்ணாடியை எடுத்தான். மேசைமேலிருந்த, கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை எடுத்து, இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி துடைத்து மாட்டிவிட்டான்.

"அவ அப்படிச் சொல்லலை," என்றான். "'சட்டையில துடைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? கறை அப்படியே இருக்கு. ஒழுங்காத் துடை'ன்னா."